நாட்டுப்பற்றில் நூற்றுக்கு நூறு

நாட்டுப்பற்றில் ஒருத்தி பெயிலாகிவிட்டாள் என்ற செய்தி காலை மணி அடிப்பதற்குள் பள்ளிக்கூடம் முழுக்கப் பரவிவிட்டது. கணக்கில் பெயிலானால் பாவம் என்பார்கள். அறிவியலில் பெயிலானால் அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்பார்கள். நாட்டுப்பற்றில் பெயிலானவளுக்கு என்ன ஆறுதல் சொல்வது என்று யாருக்கும் தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் பையை எடுத்துக்கொண்டு கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.

அந்த வருடம்தான் அதைப் பாடமாக்கியிருந்தார்கள். அதுவரை பிள்ளைகள் நாட்டின் மேல் வைத்திருந்த பிரியமெல்லாம் மார்க் இல்லாமல் வீணாகிக்கொண்டிருக்கிறதே என்று மேலிடத்தில் யாருக்கோ வயிறு எரிந்திருக்க வேண்டும். எழுத்துத் தேர்வு கிடையாது. மூன்று பேர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து கேள்வி கேட்பார்கள்; பதிலைக் கேட்டு, முகத்தைப் பார்த்து, நூற்றுக்கு இத்தனை என்று போடுவார்கள். நாற்பது எடுத்தால் பாஸ். பாஸாகாத பிள்ளைக்குப் பள்ளி மாற்றுச் சான்றிதழ் தரக் கூடாது.

பாடத்தோடு சுற்றறிக்கைகளும் வந்தன. நாட்டுப் பாட்டு பாடும்போது வலது கை நெஞ்சில் இருக்க வேண்டும் என்று ஒன்று வந்தது. கை இரண்டும் உடம்போடு ஒட்டியிருக்க வேண்டும் என்று அடுத்த வாரம் ஒன்று வந்தது. கண்ணை மூடலாமா கூடாதா என்பதில் மட்டும் மாற்றி மாற்றி வந்துகொண்டே இருந்தன. எது கடைசியாக வந்தது என்று ஹெச்.எம்.முக்கே நிச்சயமில்லை. அவர் பி.டி. மாஸ்டரைப் பார்த்து நிற்பார், பி.டி. மாஸ்டர் முன்வரிசைப் பிள்ளைகளைப் பார்த்து நிற்பார், முன்வரிசை ஹெச்.எம்.மைப் பார்த்து நிற்கும். தப்பு செய்துவிடக் கூடாதே என்ற பயத்தில் மூன்று தரப்பும் வேர்த்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தால், நாட்டின் மேல் எவ்வளவு மரியாதை என்றுதான் வெளியாளுக்குத் தோன்றும்.

பெயிலானவள் பத்தாம் வகுப்பு. வாயைத் திறந்து அதிகம் பேசமாட்டாள் என்பதால் வகுப்பில் அவளுக்கு ஊமைக்கோட்டான் என்று பெயர். அம்மா அரசு ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறவள். அப்பா கடல் தாண்டி ஒரு துறைமுகத்தில் கிரேன் மெக்கானிக். மகள் எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்த வயதில் போனவர். எப்போதாவது லீவில் வருவார்; வந்தால் முதல் இரண்டு நாள் மகள் கதவுக்குப் பின்னால் நிற்பாள், ஒட்டிக்கொள்ள ஆரம்பிக்கும்போது அவர் பெட்டி கட்டுவார். இத்தனை வருடம் கழித்து இப்போதுதான் கம்பெனி அவருக்குக் குடும்பத்தோடு தங்க ஒரு வீடு கொடுத்து, மனைவியையும் மகளையும் அழைத்துக்கொள்ள அனுமதியும் கொடுத்திருந்தது. ஒரே ஒரு நிபந்தனை. பதினாறு வயது நிறைவதற்குள் பிள்ளை அங்கே போய், மாற்றுச் சான்றிதழைக் காட்டிப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்துவிட வேண்டும். அதற்குப் பிறகு அனுமதி கிடையாது. மகளுக்கு இந்தக் கோடை விடுமுறை முடிகிற சமயம் பதினாறு நிறைகிறது.

அம்மா ஆஸ்பத்திரியில் அரை நாள் லீவு போட்டுவிட்டு ஹெச்.எம். அறைக்கு வந்தாள்.

“உங்க பொண்ணுக்கு இருபத்திரண்டும்மா. வேற யாருமே இதுல பெயிலாகல” என்றார் ஹெச்.எம்.

“அப்படி என்ன சார் கேட்டீங்க அவகிட்ட?”

“நாட்டுக்காக என்ன குடுப்பேன்னு கேட்டோம். உயிரைக் குடுப்பேன்னு சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே. எல்லாப் பிள்ளைங்களும் அதத்தான் சொல்லுது. இவ ரொம்ப நேரம் யோசிச்சா. அப்புறம், ‘எங்ககிட்ட குடுக்கறதுக்கு அப்பாதான் இருந்தாரு சார், அவரை வேற நாடு எடுத்துக்கிச்சு’ன்னு சொல்றா.”

“உண்மையைத்தானே சார் சொல்லியிருக்கா.”

“உண்மை வேற, விடை வேறம்மா.”

அம்மா முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டாள். “எப்படியாவது அவளை நாட்டுப்பற்றுல பாஸ் போட்டு விட்டுடுங்க சார். அதுல பாஸானாத்தான் நாங்க இந்த நாட்டை விட்டுப் போக முடியும்.”

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவள் காதில் விழுந்தது. ஹெச்.எம். நல்ல மனிதர், காதில் விழாத மாதிரி மேசையைத் துடைத்தார். “மறுதேர்வு இருக்கு. நல்ல டியூஷனாப் பாத்துச் சேத்து விடுங்க” என்றார்.

ஊரில் டியூஷன் என்றால் நூறு மாஸ்டர்தான். டயர் கடைக்கு மேலே மாடி அறை. படியேறும்போதே ரப்பர் வாசனை மூக்கைத் துளைக்கும். வேதியியலில் அவரிடம் படித்த பிள்ளைகள் வரிசையாக நூறு வாங்கியதால் வந்த பெயர் அது. வாசல் பலகையில் ‘வேதியியல், கணிதம்’ என்பதற்குக் கீழே ‘நாட்டுப்பற்று’ என்று புது பெயின்டில் சேர்த்திருந்தார். கேள்விகள் முந்தி வந்ததா, பிந்தி வருமா, எந்த அதிகாரிக்கு எந்தச் சொல் பிடிக்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

“நாற்பது வந்தாப் போதும் மாஸ்டர். நாற்பத்தொண்ணு கூட வேணாம்” என்றாள் அம்மா.

மாஸ்டரின் முகம் சுருங்கிவிட்டது. “நாற்பது வாங்க வைக்க நான் எதுக்கும்மா? அதுக்கு அடுத்த தெருவுல ஒருத்தர் இருக்காரு, அவர்கிட்டப் போங்க. நீங்க இஸ்திரி போடறப்ப பாதி சுருக்கம் போனாப் போதும்னு எடுத்துடுவீங்களா?”

தன் வேலையை ஒழுங்காகச் செய்கிற ஆளை எதிர்த்துப் பேசுவது அம்மாவின் சுபாவம் இல்லை. மகளை விட்டுவிட்டுப் போனாள்.

மாஸ்டர் முதல் நாளே நேராகக் கேள்விக்கு வந்தார். “நாட்டுக்காக என்ன குடுப்ப?”

“உயிரைக் குடுப்பேன்.”

“சட்டுனு சொல்லாத. கடையில சில்லறை குடுக்கற மாதிரி இருக்கு. கொஞ்சம் நிறுத்து. எச்சிலை முழுங்கு. அப்புறம் சொல்லு.”

“என் உயிரை யாரு மாஸ்டர் கேட்டாங்க?”

“யாரும் கேக்க மாட்டாங்க. அந்தத் தைரியத்துலதான் எல்லாரும் குடுக்கறேங்கறாங்க. நீயும் சொல்லு.”

அவள் சொன்னாள். மாஸ்டர் தலையாட்டினார். அதோடு விட்டிருந்தால் நாற்பத்தைந்து வந்திருக்கும், குடும்பம் கப்பலோ விமானமோ ஏறியிருக்கும். ஆனால் நூறு வாங்கிக் கொடுத்தே பழகிய மனுஷனுக்கு நாற்பத்தைந்தைக் கண்ணால் பார்த்தாலே ஜுரம் வந்துவிடும். அடுத்த நாள் கண்ணுக்குப் போனார்.

“கண்ணு கலங்கணும், ஆனா வழியக் கூடாது. கலங்குனா உணர்ச்சி, வழிஞ்சா நடிப்பு.”

“அது எப்படி மாஸ்டர் வரும்?”

“மனசுல யாரையாவது நெனச்சுக்கோ.”

மகள் அப்பா பெட்டியோடு வாசலில் திரும்பிப் பார்ப்பதை நினைத்தாள். தண்ணீர் இமை வரைக்கும் வந்து நின்றது. மாஸ்டர் சாக்பீஸைக் கீழே போட்டுவிட்டார். எத்தனையோ பிள்ளைகளுக்கு அவர் இதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்; ஒன்று வறண்டு போகும், இல்லாவிட்டால் மூக்கைச் சிந்தும். இவளுக்குக் கேட்டவுடன் வருகிறது, சொன்ன இடத்தில் நிற்கிறது. அன்றிலிருந்து அவர் மற்ற பிள்ளைகளுக்குக் கணக்கைக் கொடுத்து உட்காரவைத்துவிட்டு இவளோடு மட்டும் உழைத்தார். அம்மா சொன்ன நாற்பது அவருக்கு அடியோடு மறந்துபோனது.

மறுதேர்வில் பி.டி. மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாவட்ட அதிகாரி எழுந்து நின்று அவள் கையைப் பிடித்துக்கொண்டார். நூற்றுக்கு நூறு. வேறு எந்தப் பள்ளிக்கூடத்திலும் யாரும் வாங்காத நூறு. அம்மா சலவைக்கூடத்தில் எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தாள். அப்பா ஃபோனில் கேட்டுவிட்டு, அங்கே ஜன்னலுக்குத் திரைச்சீலை வாங்கியாயிற்று என்றார்.

சான்றிதழ் வாங்கப் போன அன்றுதான் ஹெச்.எம். ஒரு புதுச் சுற்றறிக்கையைப் படித்துக் காட்டினார். நாட்டுப்பற்றில் முழு மதிப்பெண் பெறுபவர் ‘முன்மாதிரி மாணவர்’ ஆவார். இரண்டு கல்வியாண்டுகளுக்குப் பள்ளி பள்ளியாகச் சென்று பேச வேண்டும். தேர்வு நடத்துகிறவர்களோடு உட்கார வேண்டும். அதுவரை அவருக்கு மாற்றுச் சான்றிதழ் வழங்கக் கூடாது. ஹெச்.எம்.முக்குப் பெருமை தாங்கவில்லை. “இப்படிப்பட்ட பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பிட்டா அப்புறம் நாட்டுல யாரும்மா இருப்பா?”

“சார், மார்க்கைக் குறைச்சுடுங்க.”

ஹெச்.எம். சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை என்பதைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். “கூட்டச் சொல்லி வந்தவங்களைத்தாம்மா நான் பாத்திருக்கேன். மறுபடி பாத்தா கூடும், இல்லேன்னா அப்படியே இருக்கும். குறைக்க வழியில்ல.”

“ஏதாவது தப்பு பண்ணா?”

“சபையில நாட்டுப் பாட்டுக்கு மரியாதை குடுக்கலேன்னா பாதி மார்க்கை வெட்டிட்டு, முன்மாதிரியிலேர்ந்து எடுத்துடணும்னு ஒரு விதி இருக்கு. உங்க பொண்ணா அதைச் செய்யப்போகுது?”

பாதி போனால் ஐம்பது. ஐம்பது என்றால் பாஸ். அம்மா நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

வழியில் டயர் கடை வாசலில் மாஸ்டர் நின்றிருந்தார். பலகையில் மகளின் படம் ஏறியிருந்தது, படியில் புதுப் பிள்ளைகளின் செருப்பு குவிந்திருந்தது. விஷயத்தைக் கேட்டவர் தலையில் கை வைத்துக்கொண்டார். “எனக்கு ஏத்தத்தான்மா தெரியும். இறக்கறது எப்படின்னு நான் யாருக்கும் சொல்லிக் குடுத்ததில்ல.” பாவம், அவரைத் திட்டக்கூட அவளுக்கு மனம் வரவில்லை.

மகளைச் சலவைக்கூடத்துக்கு வரச் சொல்லியிருந்தாள். நீராவியில் யார் முகமும் சரியாகத் தெரியாது. பேசுவதற்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. ஒரு விரிப்பின் இரண்டு முனையை அம்மாவும் இரண்டு முனையை மகளும் பிடித்து மடித்தார்கள்.

“திங்கக்கிழமை உனக்குப் பாராட்டு விழா. பாட்டு ஆரம்பிச்சதும் நீ தரையில உக்காந்துடு.”

“எல்லாரும் நிப்பாங்களேம்மா.”

“அதுக்குத்தான் சொல்றேன்.”

மகள் விரிப்பை நீவினாள். “எனக்கு அந்தப் பாட்டு பிடிக்கும்மா.”

இதை அவள் தேர்வில் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. அம்மா தன் கையிலிருந்த முனைகளை மகள் கையில் கொடுத்தாள். “எனக்கும்தான் பிடிக்கும். உங்கப்பா அங்க சாப்பாட்டு வேளையில ஃபோன்ல போட்டுக் கேக்கறாராம். இங்க ஒரு தடவை உக்காந்துடு பாப்பா. அங்க போய் மூணு பேரும் தினம் நின்னு கேக்கலாம்.”

திங்கட்கிழமை மைதானம் நிரம்பியிருந்தது. மேடையில் மாவட்ட அதிகாரி, ஹெச்.எம்., பி.டி. மாஸ்டர், நடுவில் மகள். கொடி ஏறியது, ஒலிபெருக்கி கொஞ்சம் இருமிவிட்டுப் பாட்டை ஆரம்பித்தது. நிற்க வேண்டும் என்று மகளின் உடம்பெல்லாம் சொன்னது. அவள் கண்ணை மூடிக்கொண்டு, மேடைத் தரையில், சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

பி.டி. மாஸ்டர்தான் முதலில் பார்த்தார். வெள்ளிக்கிழமை வந்த சுற்றறிக்கையை அவர் பிரிக்கவே இல்லை என்பது அந்த நொடியில் அவருக்கு ஞாபகம் வந்தது. நூற்றுக்கு நூறு வாங்கியவள் உட்கார்கிறாள் என்றால் விஷயம் இல்லாமல் இருக்குமா? அவர் மடக்கென்று உட்கார்ந்தார். பி.டி. மாஸ்டரே உட்கார்ந்துவிட்டாரே என்று ஹெச்.எம். உட்கார்ந்தார். இது தனக்குத் தெரியாமல் போனது வெளியே தெரிந்தால் பதவிக்கு ஆபத்து என்று அதிகாரி, இறுக்கமான பேண்ட்டோடு போராடி, ஒரு கையை ஊன்றி உட்கார்ந்தார். முன்வரிசை உட்கார்ந்தது, பிறகு அடுத்த வரிசை, பிறகு மைதானம் முழுக்கப் புழுதி கிளம்ப உட்கார்ந்தது. பாட்டில் ஒரு வரி கூடத் தவறவில்லை.

மகள் கண்ணைத் திறந்தாள். எல்லோரும் அவள் உயரத்தில் இருந்தார்கள். தூரத்தில் கேட்டுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு உருவம் மட்டும் நின்றுகொண்டிருந்தது. அது அம்மா.

பாட்டு முடிந்ததும் அதிகாரி பேண்ட்டைத் தட்டிவிட்டுக்கொண்டு பேசினார். மண்ணைத் தொட்டு மரியாதை செய்வதை இந்தப் பிள்ளை நமக்கெல்லாம் கற்றுக்கொடுத்துவிட்டாள் என்றார். பேசப் பேச அவருக்கே அது உண்மையாகிவிட்டது, குரல் தழுதழுத்தது. கூட்டம் கலைந்த பிறகு ஹெச்.எம். கேட்டுக்கு வந்தார். அவருக்குக் கோபம் வந்து யாரும் பார்த்ததில்லை, அன்று வந்திருந்தது.

“உங்க பொண்ணைப் பாத்தாவது கத்துக்கக் கூடாதாம்மா? இவ்வளவு பேரும் உக்காந்து மரியாதை செய்யறப்ப நீங்க மட்டும் மரம் மாதிரி நிக்கறீங்களே.”

அடுத்த வாரமே உட்காரச் சொல்லிச் சுற்றறிக்கை வந்துவிட்டது. எனக்குத் தெரிந்து அந்தத் துறையில் இவ்வளவு சீக்கிரம் எதுவும் நடந்ததில்லை.

விடுமுறை முடிந்தது. பதினாறு நிறைந்தது. அன்று அப்பா வேலைக்கு நடுவிலேயே கூப்பிட்டார். பின்னால் கிரேன் சத்தம் கேட்டது. “நூறுன்னா சும்மாவா பாப்பா. இங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்” என்றார். வீட்டைக் கம்பெனி வேறொருவருக்குக் கொடுத்துவிட்டது, மறுபடி பழைய அறைக்கே போய்விட்டார் என்பதை அம்மாவிடம் மட்டும் சொன்னார். நீயாவது வாயேன் என்று அம்மாவைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தாலும் மகளை விட்டுவிட்டு அவள் போயிருக்க மாட்டாள், அது அவருக்கும் தெரியும்.

முன்மாதிரி மாணவர் பள்ளி பள்ளியாகப் போனாள். ஜீப்பில் கூட்டிப் போனார்கள், மாலை போட்டார்கள். தேர்வு மேசையில் அதிகாரிகளுக்கு நடுவே நாற்காலி போட்டார்கள். பிள்ளை பதில் சொல்லி முடித்ததும் மூன்று பேரும் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு அவள் முகத்தைத்தான் பார்ப்பார்கள். நூறு வாங்கியவள் போடுவதற்கு மேல் ஒரு மார்க் கூடப் போட எந்த அதிகாரிக்கும் தைரியம் கிடையாது. அப்புறம் தன் நாட்டுப்பற்றைப் பற்றி நாலு பேர் நாலு விதமாகப் பேசிவிட்டால்?

ஒரு பள்ளிக்கூடத்தில் இரட்டைச் சடை போட்ட ஒரு பெண் வந்தாள். குரல் கணீரென்று இருந்தது. உயிரைக் கொடுப்பேன் என்று அவள் சொன்னபோது ஓர் அதிகாரி கைக்குட்டையைத் தேடினார்.

முன்மாதிரி மாணவர் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். “அப்பா என்ன வேலை பாக்கறாரு?”

“அப்பா வெளிநாட்டுல இருக்காருக்கா. லீவு விட்டதும் அம்மாவும் நானும் தம்பியும் அவர்கிட்டயே போயிடறோம்.”

“அப்படியா” என்று சொல்லிவிட்டு அவள் தாளில் நாற்பது என்று எழுதினாள்.

“நாற்பதா? அழ வெச்சுட்டாளேம்மா” என்றார் கைக்குட்டைக்காரர்.

“இன்னும் ஆழம் வரணும் சார்.”

அவர் அழுத வேகத்தில் தன் தாளில் எழுதிவிட்டிருந்த நூறை அடித்துவிட்டு நாற்பது போட்டார். மற்ற இருவரும் போட்டார்கள். இந்தப் பெண்ணிடம் மார்க் வாங்குவது லேசுப்பட்ட காரியம் இல்லை, அசல் நாட்டுப்பற்று என்றால் இதுதான் என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள்.

இரட்டைச் சடை தேம்பித் தேம்பி அழுதது. வெளியே காத்திருந்த அதன் அம்மா உள்ளே எட்டிப் பார்த்து, “நல்லா இருப்பியாம்மா நீ? பச்சப் புள்ளகிட்ட இப்படியா கல்நெஞ்சா நடந்துக்குவாங்க” என்றாள். பியூன் அவளை வெளியே அனுப்பினான். பிறகு மாற்றுச் சான்றிதழைக் கையில் வாங்கிக்கொண்டு, அழுகிற பிள்ளையை இழுத்துக்கொண்டு, இன்னும் திட்டிக்கொண்டே அவள் தெருவில் போவது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. முன்மாதிரி மாணவர் அவர்கள் திருப்பத்தில் மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.